மிளகு சாப்பிடாத பத்தாம் நாள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பல் தேய்த்த நுரையைத் துப்புவதற்குள்ளேயே அத்தைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

“சித்தி, நீ வந்து பாரேன்! இன்னைக்கும் தொடவே இல்ல!”

நீ!

ஐந்து மாதமாக அந்த வீட்டுப் பொடிசுக்குச் சித்தி ‘நீங்க’வாகத்தான் இருந்தாள். ‘நீங்க எப்ப வருவீங்க’, ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்று, வீட்டுக்கு வந்த டீச்சரிடம் பேசுவது போல. ‘நீ’ என்பது அத்தைக்கு மட்டுமே எழுதிவைத்த சொத்து. இன்று காலை அது கேட்பாரில்லாமல் இரண்டாகப் பங்கு பிரிந்துவிட்டது.

எல்லாம் அந்தச் சிலந்தி வந்த வேளை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள், பொடிசின் அப்பா ஐந்து மாதம் முன்பு மறுமணம் செய்துகொண்ட சித்திதான். அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவள். கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் பெரிய டாரன்டுலா சிலந்தி குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டதாம். ஒரு குஞ்சைச் சின்ன மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டார். மூடியில் ஊசித் துளைகள், அடியில் ஈர நார்த்தூள், நடுவில் எட்டுக் கால் முளைத்த ஒரு மிளகு. மிளகு என்றே பெயர் வைத்துவிட்டாள் பொடிசு.

பொடிசுக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா இறந்தபோது மூன்று. அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆக, ஏழு வருடமாகப் பொடிசை வளர்த்தது அப்பாவின் அக்கா, நம் அத்தை. செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி வைத்தால், பல்லின் சொந்தக்காரரே ஏமாந்துபோவார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தம்பி போனில் சொன்னது இன்னும் அவள் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

“அக்கா, அவளுக்கு வேற ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு மாத்தல் வந்திருக்கு. நாங்க போறோம். பொடிசு எங்ககூட வர்றாளா, உன்கூட இருக்காளான்னு அவளே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை வந்து கேக்கிறேன்.”

‘நீயும் வா’ என்று அவன் சொல்லவில்லை. லேபை விட்டு அக்கா எங்கே வரப்போகிறாள் என்று நினைத்திருப்பான். அது உண்மைதான். இருந்தாலும் ஒரு வார்த்தைக்காவது கேட்டிருக்கலாம்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு ‘நீ’ வந்துவிட்டது.

அத்தை வாயைக் கொப்பளித்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். பொடிசும் சித்தியும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பொடிசின் நோட்டு. குப்பியில் ஒட்டியிருந்த சீட்டு ஈரத்தில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துபோனதால், மிளகு எந்த ஜாதிச் சிலந்தி என்பது யாருக்கும் தெரியாது. குஞ்சில் எல்லாமே ஒரே பழுப்பு. அதனால் பொடிசு துப்பறிந்துகொண்டிருந்தாள். மேலே ஏறி வலை கட்டவில்லை, கீழே குழி தோண்டுகிறது, ஆகவே தரைவாசி. வயிற்றின் பின்பக்கம் கருப்பாக ஒரு பொட்டு. இதுவரை கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

“பெரிசானா முட்டியெல்லாம் சிவப்பா ஆகும் பாரு,” என்றாள் பொடிசு.

“முட்டி சிவக்காது. உடம்பெல்லாம் சுருட்டை முடி வரும். என்ன பந்தயம்?” என்றாள் சித்தி.

“உன் முடி மாதிரியா?”

இருவரும் சிரித்தார்கள். அத்தையின் முடி நேரானது. அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது.

“வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்ட கதைதான்,” என்றாள். “பள்ளிக்கூட நோட்டைத் திறந்து எத்தனை நாளாச்சு? நீச்சல் முகாமுக்கு நேரமாகல?”

“அத்தை, மிளகு பத்து நாளா எதுவும் சாப்பிடல.”

“பட்டினி போட்டா எதுவும் சாகத்தான் செய்யும்.”

“இல்லக்கா,” என்றாள் சித்தி. “வயிறு கறுத்துப் பளபளன்னு இருக்கு பாருங்க. சட்டை கழட்டப்போகுது போல. அப்ப சாப்பாடு வைக்கக்கூடாதாம். தீனிக்குப் போடுற மாவுப்புழு உயிரோட உள்ள கிடந்தா இதையே கடிச்சிடுமாம்.”

இதுதான் அத்தைக்குப் பொறுக்காத குரல். சண்டை போட்டால்கூட மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிற குரல். அதனோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

“சாப்பிடாததைச் சாப்பிட வைக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்மா,” என்றாள் அத்தை. “இவளைக் கேளு.”

அது வெறும் பேச்சில்லை. அம்மா போன மாதத்தில் பொடிசு வாயைப் பூட்டிக்கொண்டவள். டாக்டர் கெஞ்சினார், அப்பா அழுதார், ஒன்றும் நடக்கவில்லை. லேபிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பல் செட்டைக் கொண்டுவந்து, அதன் வாய்க்குள் ரொட்டியை வைத்து, டக் டக் என்று கடிக்க வைத்தவள் அத்தை. “இது தின்னுடுச்சுன்னா உனக்கு இல்ல” என்றாள். மூன்று வயதுக்காரி பல் செட்டின் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தின்றாள். அத்தை தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு அதுதான்.

எட்டரைக்கு இருவரும் கிளம்பிப் போனார்கள். சித்தி வாசலில் குனிந்து பொடிசின் நீச்சல் பையின் வாரை இறுக்கிவிட்டதை அத்தை ஜன்னல் வழியே பார்த்தாள். அந்த வார் தளர்ந்திருப்பது அவளுக்கும் தெரியும். இன்றைக்குச் சாயங்காலம் தைக்கலாம் என்று இருந்தாள்.

வீடு அமைதியானது. குப்பி மேசைமேல் இருந்தது.

அத்தை லேபுக்குப் போகப் பத்து மணி ஆகும். பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், குப்பியைப் பார்த்தாள். மறுபடி பாத்திரத்தைத் துடைத்தாள், குப்பியைப் பார்த்தாள். மிளகு மூலையில் கல்லாய் உட்கார்ந்திருந்தது. மூன்று வயதுப் பொடிசும் இப்படித்தான் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள்.

பத்து நாளா சாப்பிடாததைப் பார்த்துக்கிட்டு நோட்டு எழுதுறாங்களாம், நோட்டு.

அவள் மனதில் ஒரு சித்திரம் ஓடியது. பொடிசு ஈரத் தலையோடு உள்ளே வருகிறாள். ‘அத்தை, மிளகு சாப்பிட்டுடுச்சு! யாரு கொடுத்தா?’ ‘நான்தான்டீ.’ அவ்வளவு போதும். நாளைக்கு அப்பா கேட்கும்போது அந்த ஒரு வாய்ச் சாப்பாடு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

மாவுப்புழுக்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தவிட்டுக்குள் நெளிந்துகொண்டிருந்தன. சித்தி எப்போதும் ஒரு புழுவை எடுத்து, இடுக்கியால் தலையை நசுக்கி, துண்டாக வெட்டித்தான் வைப்பாள். அத்தைக்கு அது சரியாகப் படவில்லை. செத்த துண்டைக் கண்டு யாருக்குப் பசிக்கும்? அசைவதைப் பார்த்தால்தான் ஆசை வரும். பல் செட் அசைந்ததால்தானே பொடிசு தின்றாள்!

இருப்பதில் சின்னதாக ஒரு புழுவை முழுசாக எடுத்து உள்ளே விட்டு மூடினாள். மணி ஒன்பதரை.

லேபில் அன்றைக்குக் கை நிறைய வேலை. ஒரு மேல்தாடை செட், இரண்டு முன்பல். மெழுகைச் செதுக்கும்போதெல்லாம் அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கூடக் கேட்டார்: “என்னம்மா, லாட்டரி அடிச்சிருக்கா?”

“நாளைக்குத்தான் தெரியும்,” என்றாள்.

ஒரு மணிக்கு வீடு திரும்பி, செருப்பைக் கூடக் கழற்றாமல் மேசையருகே போனாள்.

மிளகு மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

அத்தை நாற்காலியின் முதுகைப் பற்றினாள். குப்பியைத் தட்டப் போனாள், கை வரவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். அடுத்து, இதைக் குப்பையில் கொட்டிவிட்டு, மூடி திறந்திருந்தது, ஓடிவிட்டது என்று சொன்னால் என்ன என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே பயமாக இருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது அவள் இன்னும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சித்தி. காலை ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள்.

“செத்துப்போச்சு,” என்றாள் அத்தை.

சித்தி பையைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். “சாகலக்கா. செத்தா காலெல்லாம் உள்ளே சுருண்டு கிடக்கும். இது மல்லாந்து விரிச்சிருக்கு பாருங்க. சட்டை கழட்டுது.” அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே சுருங்கியது. சிலந்தியின் காலருகே நார்த்தூள் தானாக அசைந்தது. தவிட்டு நிறத்தில் ஒரு முதுகு எட்டிப்பார்த்து மறுபடி புதைந்தது.

சித்தி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை.

“எத்தனை மணிக்கு?”

“ஒன்பதரை.”

“புழுவை எடுத்தாகணும். மிளகு இப்ப மெழுகு மாதிரி இருக்கும், புழு கடிச்சா அவ்வளவுதான். ஆனா குப்பியை ஆட்டக்கூடாது. இடுக்கி அது மேல பட்டாலும் போச்சு.” முதல்முறையாக அந்தக் குரல் நடைமேடையை விட்டு இறங்கியிருந்தது. “என்னால முடியாதுக்கா. உங்க கையாலதான் முடியும்.”

அத்தை தலையில் பூதக்கண்ணாடியை மாட்டினாள். லேபிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் நீண்ட இடுக்கியை எடுத்தாள். சித்தி போன் விளக்கைக் கைக்குட்டையால் மூடி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தாள்.

கண்ணாடிக்குள் மிளகு பெரிதாகத் தெரிந்தது. பழைய உடம்பு மூடி போலத் திறந்துகொண்டிருக்க, அதிலிருந்து இன்னொரு மிளகு தன்னைத்தானே உருவிக்கொண்டிருந்தது. பாலில் செய்தது போல் வெளுப்பு. கையுறையிலிருந்து விரல்களை இழுப்பது போல ஒவ்வொரு காலையும் கொஞ்சம் இழுத்து, ஓய்ந்து, மறுபடி இழுத்தது. இத்தனை சின்னதற்குள் இத்தனை பெரிய வேலை நடக்கும் என்று அத்தை நினைத்ததில்லை. ஒரு கணம் அவள் எல்லாவற்றையும் மறந்துபோனாள், ஞாயிற்றுக்கிழமையைக் கூட.

“கடைசிக் கால்கிட்ட, இடது பக்கம்,” என்றாள் சித்தி. “மேல வருது… வருது…”

அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியை இறக்கினாள். புழு புதைந்தது. காத்திருந்தாள். மறுபடி எட்டிப்பார்த்தது. ஒரு மயிரிழை இடைவெளி. பிடித்தாள். இழுத்தாள். வெளியே வந்துவிட்டது. நெளிந்துகொண்டிருந்ததை மேசைமேல் இருந்த டம்ளருக்குள் போட்டாள்.

“யப்பா!” என்றாள் சித்தி. “கை நடுங்கவே இல்லையே உங்களுக்கு.”

“இப்ப பாரு,” என்றாள் அத்தை. இப்போது கை கிடுகிடுவென்று ஆடியது.

கண்ணாடி வழியே மறுபடி பார்த்தாள். இடது பின்னங்காலின் நுனி இல்லை. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளி நீர்.

“அடுத்தடுத்து சட்டை கழட்டுறப்ப வளந்துடும்னு சொல்வாங்க,” என்றாள் சித்தி. “ஆனா அவ பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவா. தினம் எட்டுக் காலையும் எண்ணுறவ.”

அத்தை இடுக்கியைத் துடைத்து வைத்தாள்.

மூன்று மணிக்கு முகாம் முடிந்து பொடிசு ஈரத் தலையோடு ஓடிவந்தாள். குப்பியைப் பார்த்ததும், “கழட்டிடுச்சு! அய்யோ, எவ்வளவு வெள்ளை!” என்று குதித்தாள். பிறகு எண்ணினாள். பிறகு குதிப்பதை நிறுத்தினாள்.

“கால் என்னாச்சு?”

அத்தை வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

“என் தப்புதான். காலையில அவசரத்துல புழுவை உள்ள போட்டுட்டுப் போயிட்டேன். கடிச்சிடுச்சு. நல்லவேளை, உங்க அத்தை பாத்து எடுத்தாங்க.”

பொடிசின் முகம் சிவந்தது. “நீங்கதானே சொன்னீங்க, போடக்கூடாதுன்னு? நீங்களே போட்டீங்களா? உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்!”

அவள் திரும்பி வந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஈரத் தலை வயிற்றில் அழுந்தியது. நீச்சல் குள மருந்து வாசனை. அத்தை அந்தத் தலைமேல் கையை வைத்தாள். ஐந்து மாதமாக ஏங்கியது இதற்குத்தான். கேட்டது கேட்டபடி, தட்டில் வைத்து வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கும் இவள் இப்படியே கட்டிக்கொண்டு நிற்பாள், தம்பி பார்ப்பான், முடிந்தது.

அத்தை நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள்.

சித்தி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிதானமாக. கண் மட்டும் கலங்கியிருந்தது. செய்யாத குற்றத்தைத் தலையில் சுமந்துகொண்டு, வாயைத் திறக்காமல், என்ன அழகாக நிற்கிறாள்! படத்தில் வரும் நல்லவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

அத்தைக்குக் காலையில் எரிந்தது இப்போது எரிந்ததோடு ஒப்பிட்டால் வெறும் தீக்குச்சி. பிள்ளையைப் பங்கு போட்டாள், போகட்டும். சிரிப்பைப் பங்கு போட்டாள், போகட்டும். இந்த வீட்டில் பெரிய மனசுக்காரி என்கிற பேரையும் இவளுக்கே விட்டுக்கொடுப்பதா? காலமெல்லாம் இவள் முன்னால் கடன்பட்ட முகத்தோடு நடமாடுவதா?

“அவ பொய் சொல்றா,” என்றாள் அத்தை. “போட்டது நான்.”

பொடிசு தலையை எடுத்தாள். “நீயா?”

“நான்தான்.”

“சும்மா சொல்லாத. சித்தியைத் திட்டிட்டேன்னு காப்பாத்தப் பாக்கிற.”

“நான் எதுக்குடீ அவளைக் காப்பாத்தணும்?” அத்தைக்கு ஆத்திரமே வந்துவிட்டது. ஒரு குற்றத்தைச் சொந்தம் கொண்டாட இத்தனை பாடா?

“நான்தான் போட்டேன்னு சொல்றேனே,” என்றாள் சித்தி.

“நீ சும்மா இரும்மா!”

“நீங்க சும்மா இருங்கக்கா!”

பொடிசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டைக் கையில் எடுத்தாள். மிளகு எந்த ஜாதி என்று ஆராயும்போது வரும் அதே முகம்.

“புழு எங்க?”

அவளே தேடி டம்ளரை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அத்தையின் பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது மூக்கு வரை இறங்கியது. வெகுநேரம் பார்த்தாள்.

“முழுப் புழு. தலை நசுங்கல,” என்றாள். “சித்தி எவ்வளவு அவசரமா இருந்தாலும் தலையை நசுக்காம எடுக்கவே மாட்டாங்க. உயிரோட ஓடுறதைத் தொடவே அவங்களுக்கு அருவருப்பு.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“ஏன் அத்தை?”

ஏழு வருடத்தில் பொடிசு ஆயிரம் ‘ஏன்’ கேட்டிருக்கிறாள். வானம் ஏன், பல் ஏன், அம்மா ஏன். எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஏதோ ஒரு பதில் இருந்தது.

“நான் கொடுத்து அது சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சுடீ,” என்றாள். “சித்தி கொடுத்து இல்ல. நான் கொடுத்து.”

பொடிசு அழவில்லை. கத்தவுமில்லை. குப்பியை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“இனிமே மிளகை ரெண்டு பேரும் தொடக்கூடாது. ஒருத்தர் ஆசைக்குப் போடுறீங்க. ஒருத்தர் என்கிட்ட பொய் சொல்றீங்க.”

அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஹாலில் இரண்டு பெண்கள், ஒரு டம்ளர், ஒரு புழு.

“ஏன்க்கா சொன்னீங்க?” என்று கேட்டாள் சித்தி, தாழ்ந்த குரலில். “நான்தான் ஏத்துக்கிட்டேனே.”

“நீ நல்லவளா நிக்கிறதைப் பாக்க முடியல.”

சித்தி துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நான் மட்டும் சும்மாவா ஏத்துக்கிட்டேன்?” என்றாள் கடைசியில். “என்னைக்காவது ஒருநாள் நீங்களே அவகிட்ட உண்மையைச் சொல்வீங்க, அப்ப என்னைப் பத்தி உசத்தியா நினைப்பான்னு ஒரு கணக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு என்கூட வந்தாலும் வாயைத் திறந்தா அத்தை, அத்தை, அத்தை. எட்டுக் கால் பூச்சியைக் கண்டா எனக்கு உடம்பெல்லாம் கூசும்க்கா. ஏன் வாங்கிட்டு வந்தேன்னு நினைக்கிறீங்க?”

அத்தை அவளைப் பார்த்தாள். சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லாமல் போனது. உள்ளேயிருந்து பொடிசின் குரல் கேட்டது. போனில் பேசுகிறாள்.

“அப்பா… வண்டியை ஓரமா நிறுத்திட்டியா?… இல்ல, நாளைக்கு நீ வர்ற வரைக்கும் வேண்டாம். யாரோட இருக்கணும்னு யோசிச்சுட்டேன். இப்பவே சொல்லிடறேன்.”

சித்தியின் கையிலிருந்து துணி நழுவியது. அத்தை அவளை முந்திக்கொண்டு கதவருகே போனாள், சித்தி விடவில்லை. ஒரே கதவில், ஒரே பலகையில், நேர் முடித் தலை ஒன்றும் சுருட்டை முடித் தலை ஒன்றுமாக, கன்னத்தோடு கன்னம் ஒட்ட இரண்டு காதுகள் பதிந்தன.

“தள்ளும்மா,” என்றாள் அத்தை, கிசுகிசுப்பாக.

“நீங்க தள்ளுங்கக்கா.”

உள்ளே பொடிசு கதவைப் பார்த்திருக்க வேண்டும். அடியில் தெரிந்த நான்கு பாதங்களை எண்ணியும் இருக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தை அவள் வெளியே கேட்காதபடி மிக மெதுவாகத்தான் சொன்னாள்.